புது லென்ஸும் ரெஜிஸ்டர் கல்யாணமும்

நம் தொழிற்சாலை ஊழியர் மன்றத்தின் கேமரா பிரிவில் இந்த வருடம் ஒன்பது பேர் புதிதாகச் சேர்ந்திருப்பதாகச் செயலாளர் சொன்னார். பழைய ஆள் என்ற முறையில் உங்களுக்கு ஏதாவது எழுதிக் கொடுக்கச் சொன்னார். “நல்ல படம் எடுக்கிறது எப்படின்னு எழுதுங்க அங்கிள்” என்றார். எனக்கு அது தெரியாது. நல்ல சாமான் வாங்குவது எப்படி என்று தெரியும். பதினோரு வருடம் சனிக்கிழமை தவறாமல் அதைத்தான் செய்தேன். நடுநடுவே படமும் எடுத்தேன்.

என்னைத் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். பாயான் லெப்பாசில் இதே தொழிற்சாலையில், கொள்முதல் பிரிவில் இருபத்தொன்பது வருடம் வேலை பார்த்தேன். ஓய்வு பெற்றுவிட்டேன். ஆயர் ஈத்தாம் பிளாட்டில் மனைவியோடு இருக்கிறேன். ஒரு குடும்பம் என்னிடம் ஒரே ஒரு படம் கேட்டது. அப்பாவும் மகளும் சேர்ந்து நிற்கும் படம். அந்தப் படம் இன்று எங்கும் இல்லை. அது இல்லாமல் போனதற்கு ஒரு லென்ஸ் காரணம், அதை வாங்கிய நான் அதைவிடப் பெரிய காரணம். முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கடைசியில் எங்கிருந்தாவது படம் கிடைத்துவிடும் என்று யாரும் காத்திருக்க வேண்டாம்.

வேலையில் எனக்குக் கல்நெஞ்சன் என்று பெயர். ஒரு வெள்ளிக்கிழமை மூன்றாவது லைன் நின்றுவிட்டது. பராமரிப்புத் தலைவர் புது பம்ப் வாங்கியே ஆக வேண்டும் என்று என் மேசைமுன் நின்று கத்தினார். விற்பனைக்காரர் அதற்கு முன்பே வரவேற்பறையில் காகிதத்தோடு உட்கார்ந்திருந்தார். எப்படித்தான் அவர்களுக்கு மூக்கு வேர்க்குமோ. “சார், இந்த வெல இன்னைக்கு அஞ்சு மணி வரைக்கும்தான்” என்றார்.

“அப்படின்னா அஞ்சு மணிக்கு மேல பேசலாம்” என்றேன்.

அவரை உட்கார வைத்துவிட்டு லைனுக்குப் போனேன். பழைய பம்ப் ஏன் நின்றது என்று கேட்டேன். யாரும் அதைத் திறந்தே பார்க்கவில்லை. திறந்தார்கள். கைவிரல் மோதிரம் அளவுக்கு ஒரு ரப்பர் வளையம் பிய்ந்திருந்தது. மாற்றினார்கள், லைன் ஓடியது. அந்த மாதக் கூட்டத்தில் என் பெயரைச் சொல்லிக் கை தட்டினார்கள். அவசரப்படுத்துகிறவனுக்குத்தான் அவசரம், உனக்கு அல்ல என்று புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு நான் வகுப்பே எடுத்திருக்கிறேன்.

மறுநாள் சனிக்கிழமை. ஜார்ஜ்டவுனில் நான் வழக்கமாகப் போகும் கேமரா கடை. கடை முதலாளியான தவுக்கே ஆயர் ஈத்தாம் பாசாரில் நம் ஆட்களோடு வளர்ந்த சீனர். அவருடைய தமிழ் என் பிள்ளைகளுடைய தமிழைவிட நன்றாக இருக்கும். ஒரு லென்ஸை எடுத்துக் காட்டி, “அண்ணே, ஒரே பீஸ்தான் லா இருக்கு. மத்தியானம் ஒரு டாக்டர் வர்றேன்னு சொல்லியிருக்காரு. விட்டா சாயாங் லா” என்றார்.

சாயாங் என்ற மலாய்ச் சொல்லுக்கு அன்பு என்றும் பொருள் உண்டு, அநியாயமாக வீணாகிறதே என்றும் பொருள் உண்டு. வியாபாரிகளுக்கு இதைவிட வசதியான சொல் வேறு மொழியில் கிடைக்காது. கை நழுவிப் போவதன்மேல் உடனே பாசம் வந்துவிடும். எனக்கு வந்தது. முந்தின நாள் ஐந்து மணிக்கு மேல் பேசலாம் என்ற மனிதன், பதினோரு மணிக்கே கிரெடிட் கார்டை நீட்டினேன். அந்த டாக்டரை நான் பிற்பாடும் பார்த்ததில்லை. பதினோரு வருடமாக மத்தியானம் வந்துகொண்டே இருக்கிறார்.

சாமான் பித்துப் பிடித்தவர்கள் பேசும் மொழி ஒன்று உண்டு. உங்களில் சிலர் ஏற்கெனவே பேசத் தொடங்கியிருப்பீர்கள். வாங்கினேன் என்று சொல்ல மாட்டோம், மாத்திக்கிட்டேன் என்போம். ஆசைப்பட்டேன் என்று சொல்ல மாட்டோம், இருக்கட்டும்னு எடுத்து வெச்சேன் என்போம். விலையைக் கேட்டால், புதுசு என்ன விலை தெரியுமா என்று திருப்பிக் கேட்போம். கேமரா நிறுத்தும் முக்காலி வாங்கினால் அதற்குத் தலை, தலைக்குத் தகடு, எல்லாவற்றுக்கும் பை. அப்புறம் அந்தப் பை பெரிதாக இருக்கிறது என்று சின்னப் பை. என்னிடம் ஏழு பைகள் இருந்தன. வெளியே போகும்போது எந்தப் பையை எடுப்பது என்று யோசிப்பதற்குள் வெயில் ஏறிவிடும், இனி வெளிச்சம் சரியில்லை என்று வீட்டிலேயே உட்கார்ந்து அடுத்த லென்ஸைப் பற்றிப் படிப்பேன்.

மனைவிக்குத் தெரியாதா என்று கேட்பீர்கள். கேமரா தயாரிக்கிறவர்கள் எல்லாவற்றையும் கறுப்பில் செய்வது கணவன்மார்மேல் வைத்த இரக்கம். மேசைமேல் எப்போதும் ஒரு கேமராதான் இருக்கும், எந்தக் கேமரா என்பதுதான் மாறும். ஆனால் கமலா அவ்வளவு ஏமாந்தவள் அல்ல. நம் ஊர் ஈரக்காற்றில் சும்மா கிடக்கும் லென்ஸுக்குள் பூஞ்சணம் பூத்துவிடும். அலமாரியில் இடம் இல்லாமல் இரண்டு லென்ஸை ஈரம் இழுக்கட்டும் என்று அரிசி வாளிக்குள் புதைத்து வைத்தேன். உலை வைக்கப் போனவள் ஒன்றைக் கையில் எடுத்துக்கொண்டு வந்தாள்.

“இது வேக எவ்வளவு நேரம் ஆகும்?” என்றாள்.

நம் பிரிவில் அப்போது ஒரு பெண் இருந்தார். உற்பத்திப் பகுதியில் மேற்பார்வையாளர், என்னைவிடப் பதினைந்து வயது இளையவர். பெயரைப் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். அவரிடம் ஒரு கேமரா, ஒரு லென்ஸ். கைப்பிடி ரப்பர் உரிந்து, சைக்கிள் டியூப் துண்டு ஒட்டியிருப்பார். மாதக் கூட்டத்தில் நாங்கள் எல்லோரும் சாமானை மேசைமேல் வைப்போம், அவர் படங்களை வைப்பார். பாலிக் புலாவில் டுரியான் பழம் பொறுக்கும் ஒரு கிழவியை மூன்று வருடம் ஒரே லென்ஸில் எடுத்திருந்தார். அந்தக் கிழவிக்கு வயதாவது படத்தில் தெரியும்.

நான் ஒரு முறை புது கேமராவைக் காட்டினேன். வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“கேமரா ரொம்பப் புதுசா இருக்குண்ணே. படம்தான் போன வருசத்து படமாவே இருக்கு.”

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன், உள்ளே எரிந்தது. பிறகு டீ குடிக்கும்போது, “அடுத்தத வாங்குறதுக்கு முன்னாடி ஒன்னே ஒன்னு செய்ங்க. இந்தச் சாமான் இல்லாததால போன மாசம் எந்தப் படம் எடுக்க முடியாம போச்சுன்னு ஒரு தாள்ல எழுதுங்க. படத்த எழுதணும், சாமான எழுதக் கூடாது” என்றார்.

எழுதிப் பார்த்தேன். தாள் வெள்ளையாகவே இருந்தது. அந்தத் தாளை மடித்து, புது லென்ஸ் வந்த பெட்டிக்குள் வைத்தேன்.

இப்போது கோவிந்துவைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

கோவிந்தசாமி என் பள்ளிக்கூடத்து நண்பன். ஃபெரிப் பட்டறையில் மெக்கானிக்காக இருந்து ஓய்வு பெற்றவன். கடலுக்கு அந்தப் பக்கம் பாகான் டாலாமில் வீடு. மனைவி முன்பே போய்விட்டாள், ஒரே மகள் தேன்மொழி. சிறுநீரகம் இரண்டும் கெட்டு, வாரம் மூன்று முறை டயாலிசிஸ் போய்க்கொண்டிருந்தான். தேன்மொழிக்குக் கல்யாணம் முடிவானது. முதலில் ரெஜிஸ்டர், நான்கு மாதம் கழித்துக் கோயிலில் தாலி.

நம் ஆட்களுக்கு ரெஜிஸ்டர் என்றால் என்ன என்று உங்களுக்கே தெரியும். சட்டப்படி அன்றைக்குத்தான் கல்யாணம். ஆனால் மனத்தளவில் அது வண்டிக்கு ரோட் டேக்ஸ் புதுப்பிக்கிற மாதிரி. போவோம், கையெழுத்துப் போடுவோம், வெளியே வந்து பசியாறுவோம். மண்டபம், மேளம், பட்டுப்புடவை, வீடியோக்காரர், எல்லாம் கோயில் கல்யாணத்துக்கு. ரெஜிஸ்டருக்குப் போட்டோக்காரர் வைக்கிற வழக்கம் எங்கள் பக்கத்தில் இல்லை.

கோவிந்து போன் செய்தான்.

“டேய், வர்ற வெள்ளிக்கெழம பாப்பாவுக்கு ரெஜிஸ்டர். உன் பீரங்கிய தூக்கிக்கிட்டு வாடா.”

“கோயில் கல்யாணத்துக்குத்தான் ஆள் வெச்சிருக்கியே.”

“அது அப்போ. நான் சாட்சிக் கையெழுத்து போடுறேன்டா. நான் கையெழுத்து போடுறப்போ பாப்பா பக்கத்துல நிக்கணும். ரெண்டு பேர் மொகமும் தெரியணும். ஒரே படம் போதும்.” பிறகு சொன்னான்: “நாலு மாசம் தள்ளி இருக்கு கோயில் கல்யாணம். அதுவரைக்கும் நான் இருக்கணும்ல.”

“போடா. நீ என்னைய அனுப்பி வெச்சிட்டுத்தான் போவ” என்றேன்.

ஒரு மனிதன் தான் சாகப்போவதாகச் சொல்லும்போது நாம் இப்படித்தான் பதில் சொல்கிறோம். நான் சிரித்துக்கொண்டே போனை வைத்தேன். வைத்தவுடன் நான் நினைத்தது கோவிந்துவை அல்ல. ஆட்களை அருகில் எடுக்கிற ஒரு லென்ஸ் கடையில் வந்திருப்பதாகத் தவுக்கே படம் அனுப்பியிருந்தார். அதைத்தான் நினைத்தேன். முகத்தை மட்டும் கத்தி மாதிரி வெட்டி எடுத்து, பின்னால் உள்ளதையெல்லாம் பாலாகக் கரைத்துவிடும் லென்ஸ். கோயில் கல்யாணத்தில் பெரிய படம் எடுக்க வேண்டும், அதற்கு முன்னால் பழகிக்கொள்ள ஒரு சின்ன நிகழ்ச்சி வேண்டும். ரெஜிஸ்டர்தானே, பழகிக்கொள்ளலாம் என்று முடிவு செய்தேன். ஒருவன் தன் வாழ்நாளில் கேட்ட ஒரே படத்தை நான் ஒத்திகைக்கு எடுத்துக்கொண்டேன்.

வியாழக்கிழமை மாலை வாங்கினேன். விலை நாலாயிரத்துச் சில்லறை வெள்ளி. கமலா பெட்டியைப் பார்த்துவிட்டாள்.

“இதுல என்ன விசேஷம்?”

“பின்னால இருக்கறதெல்லாம் அழகா மங்கிப் போகும். அதுக்குப் பேரு பொக்கே.”

“பொக்கையா?” என்றாள். “அதப் போயி காசு குடுத்து வாங்குவாங்களா? கொஞ்ச நாள் சும்மா இருந்தாலே நமக்கு வந்துருமே.”

வெள்ளிக்கிழமை காலை ஃபெரியில் போகும்போதுதான் புது லென்ஸை மாட்டினேன். முன்னால் நின்ற ஒருவருடைய காதைப் படம் எடுத்தேன். காதில் இருந்த ஒவ்வொரு முடியும் தெரிந்தது. மெய்மறந்து போனேன். கேமராவோடு வந்த பழைய லென்ஸ், அப்பா மகள் இரண்டு பேரையும் கண்ணை மூடிக்கொண்டு எடுத்துக் கொடுத்திருக்கும். அது வீட்டில் கிடந்தது. அதைப் பையில் போடக் கை போனது உண்மை. இவ்வளவு நல்ல லென்ஸ் இருக்கும்போது அது எதற்கு என்று விட்டுவிட்டேன்.

பதிவு அலுவலகத்து அறை சின்னது. ஒரு மேசை, ஐந்தாறு நாற்காலி. பதிவதிகாரி, மாப்பிள்ளை, தேன்மொழி, கோவிந்து, மாப்பிள்ளை பக்கத்துச் சாட்சி, தேன்மொழியின் சித்தி, இன்னும் நான்கு பேர். கோவிந்து முழுக்கைச் சட்டை போட்டிருந்தான். ஊசி குத்திக் குத்திப் புடைத்த கை படத்தில் தெரிய வேண்டாம் என்று. ஷேவ் செய்து, தலைக்கு மை அடித்து, பத்து வயது குறைந்து இருந்தான்.

அந்த லென்ஸுக்குத் தூரம் வேண்டும். நான் பின்னால் நகர்ந்தேன். சுவர் வந்துவிட்டது. முதுகை ஒட்டிக்கொண்டு பார்த்தேன். ஒரு முகம்தான் உள்ளே வந்தது. தேன்மொழி வந்தால் கோவிந்து இல்லை, கோவிந்து வந்தால் தேன்மொழி இல்லை. சித்தியும் மாப்பிள்ளையின் தம்பியும் போனைத் தூக்கினார்கள். என் படச் சட்டத்துக்குள் இரண்டு கைகள் வந்தன.

அப்போது நான் சொன்ன வார்த்தைகளை அப்படியே எழுதுகிறேன். “எல்லாரும் போன உள்ள வைங்க. பின்னணி கெட்டுப் போவுது. நான் எடுக்கறேன்ல.”

வைத்துவிட்டார்கள். பெரிய கேமரா வைத்திருப்பவன் சொன்னால் கேட்பது நம் வழக்கம்.

பதிவதிகாரி மலாயில், வெளியே அடுத்த ஜோடி காத்திருக்கிறது, கொஞ்சம் சீக்கிரம் என்றார். கோவிந்து பேனாவை எடுத்தான். தேன்மொழி அவன் தோளில் கை வைத்தாள். கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் அவன் நிமிர்ந்து என்னைப் பார்த்தான். எடுத்துவிட்டாயா என்கிற மாதிரி ஒரு சிரிப்பு. அந்தச் சிரிப்பை அப்படியே வைத்துக்கொண்டு காத்திருந்தான். நான் முந்தின படம் எப்படி வந்திருக்கிறது என்று கேமராவின் பின்புறத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். நிமிர்ந்தபோது அவன் குனிந்து எழுதிக்கொண்டிருந்தான்.

என் சட்டைப் பையில் கைப்பேசி இருந்தது. அதை எடுத்து ஒரு தட்டுத் தட்டியிருந்தால் போதும். இரண்டு பேரும் விழுந்திருப்பார்கள். அந்த எண்ணம் எனக்கு அப்போதே வந்தது. நாலாயிரம் வெள்ளி லென்ஸைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு கைப்பேசியில் எடுத்தால் பார்க்கிறவர்கள் என்ன நினைப்பார்கள் என்று கூச்சப்பட்டேன். லைன் நின்றபோது பதறாமல் இருந்தவன், பத்துப் பேர் முன்னால் கௌரவம் போய்விடும் என்று பதறினேன். நெருக்கடியில் புத்தி வேலை செய்யவில்லை என்று சொல்லித் தப்பிக்க முடியாது. புத்தி வேலை செய்தது, சரியாகவும் சொன்னது. நான்தான் கேட்கவில்லை.

எல்லாம் பன்னிரண்டு நிமிடம். கேமராவின் சின்னத் திரையில் பார்த்தபோது படங்கள் பிரமாதமாக இருந்தன. கோவிந்துவின் தோளைத் தட்டி, “வந்து பாரு, அசந்து போவ” என்றேன்.

அன்று மாலை வீட்டில் பெரிய திரையில் திறந்தேன். முன்னூறு படத்துக்கு மேல். பேனாவின் முனை தெளிவாக இருந்தது. மை தாளில் ஊறுவதுகூடத் தெரிந்தது. தேன்மொழியின் தோட்டில் ஒரு கல் தெளிவாக இருந்தது. கோவிந்துவின் சட்டைப் பொத்தான், நூல் நூலாக. முகங்கள் எல்லாம் தண்ணீருக்குள் போட்ட மாதிரி இருந்தன. ஒரு படத்தில் அவன் புருவம் மட்டும் தெளிவு. இரண்டு பேரும் சேர்ந்து இருந்தது ஒன்றே ஒன்று. அதில் அவன் பாதி முகம் வெட்டுப்பட்டு, மீதிப் பாதி புகையாக இருந்தது.

இரவுச் சாப்பாட்டுக்குக் கமலா கூப்பிடுவதற்குள் எல்லாவற்றையும் அழித்துவிட்டேன். யாராவது பார்த்தால் அவமானம் என்பது ஒரு காரணம். இன்னொரு காரணத்தைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. மறுநாள் அந்த லென்ஸை மறுபடி சோதித்துப் பார்க்கக் கேமராவின் மெமரி கார்டு காலியாக வேண்டும்.

கோவிந்துவுக்குப் போன் செய்து, கார்டு கெட்டுப்போய்விட்டது, ஒன்றும் பதியவில்லை என்றேன். “மெசின்தானடா, நீ என்ன பண்ணுவ. இதுக்குப் போயி மூஞ்சிய தூக்கி வெச்சுக்காத. கோயில் கல்யாணத்துல பாத்துக்கலாம்” என்றான். எனக்கு ஆறுதல் சொன்னான். நானும் வாங்கிக்கொண்டேன்.

ஏழாவது வாரம் இறந்துபோனான்.

சாவு வீட்டில் மாலை போட்டு வைக்க ஒரு படம் தேடினார்கள். நோய் வந்த பிறகு அவன் படம் எடுத்துக்கொள்ளவே இல்லை, அதற்கு முன்னால் எடுத்தவை வெள்ளம் வந்தபோது நனைந்துபோயிருந்தன. கடைசியில் அவனுடைய ஐசி அடையாள அட்டையில் இருந்த படத்தைக் கடையில் கொடுத்துப் பெரிதாக்கினார்கள். அந்த மாதிரிப் படத்தில் யாருமே சிரிக்க மாட்டார்கள். கோவிந்து ஏதோ கவுண்டரில் சண்டை போட்டுவிட்டு வந்தவன் மாதிரி இருந்தான். வந்தவர்கள் எல்லோரும் அதன் முன்னால் நின்று கும்பிட்டார்கள். நானும் கும்பிட்டேன். தேன்மொழி என் பக்கத்தில் வந்து, “அந்தக் கார்டு மட்டும் கெடாம இருந்திருந்தா அங்கிள்...” என்றாள். நான் தலையை ஆட்டினேன்.

அடுத்த மாதம் இரண்டு கார்டு போடும் கேமரா வாங்கினேன். ஒன்று கெட்டால் இன்னொன்று காப்பாற்றும். கெடாத கார்டுக்காக வாங்கிய கேமரா அது. பொய் சொன்னால் அதற்குச் சாமான் வாங்க வேண்டியிருக்கிறது.

கோயில் கல்யாணத்துக்குப் போனேன், கேமராவைப் பையைவிட்டு எடுக்காமல் பின்வரிசையில் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டு வந்தேன். இரண்டு வருடம் போனது. அந்த லென்ஸை நான் பிறகு தொடவில்லை. இந்த வருட ஆரம்பத்தில் விற்றுவிடலாம் என்று எடுத்துப் பார்த்தேன். ஓரத்தில் மெல்லிசாக வலை பின்னியதுபோலப் பூஞ்சணம். கறை இருக்கிறது, விலையைக் குறைத்துக்கொள்கிறேன் என்று நம் பிரிவில் அறிவித்தேன். உங்களில் ஒருவர்தான் பார்க்க வந்தார். நல்ல பிள்ளை, அவசரப்படவில்லை. லென்ஸைத் தூக்கிப் பார்த்துவிட்டு, “அங்கிள், இதுல நீங்க எடுத்த படம் ஒன்னு காட்டுங்களேன்” என்றார்.

இல்லை என்றேன்.

“ஒன்னுகூடவா இல்ல?”

அவர் சாதாரணமாகத்தான் கேட்டார். வாங்காமல் போய்விட்டார், சரியான முடிவு. நான் அந்த லென்ஸைக் கையில் வைத்துக்கொண்டு நெடுநேரம் உட்கார்ந்திருந்தேன். கமலா வந்து என்ன என்றாள். அவளிடம்தான் முதலில் சொன்னேன். கேலி செய்வாள் என்று நினைத்தேன். செய்யவில்லை. “இத எங்கிட்ட சொல்லி என்ன புண்ணியம்? அந்தப் புள்ளகிட்ட போயி சொல்லுங்க” என்றாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பாகான் டாலாம் போனேன். தேன்மொழி இப்போது அப்பாவின் வீட்டிலேயே இருக்கிறாள். கணவர் வேலைக்குப் போயிருந்தார். பத்து மாதக் கைக்குழந்தை தரையில் தவழ்ந்துகொண்டிருந்தது, ஆண் குழந்தை. சுவரில் கோவிந்து கோபமாகப் பார்த்துக்கொண்டிருந்தான்.

டீ போட எழுந்தவளை உட்காரச் சொல்லி, நடந்ததைச் சொன்னேன். கார்டு கெடவில்லை, புது லென்ஸைப் பழகிப் பார்க்க வந்தேன், படம் சரியாக விழவில்லை, மறைக்கப் பொய் சொன்னேன் என்று வரிசையாகச் சொன்னேன். அழித்ததைச் சொல்வதற்கு முன்னால் நிறுத்திவிட்டேன்.

“அப்ப படம் இருக்கா அங்கிள்?” என்றாள். கண்ணில் சட்டென்று ஒரு வெளிச்சம் வந்தது. நான் எதிர்பார்க்காத கேள்வி. திட்டுவாள் என்று தயாராக வந்திருந்தேன், இதற்குத் தயாராக வரவில்லை.

“எல்லாம் மங்கலா இருந்துச்சும்மா.”

“பரவால்ல. குடுங்க.”

“அழிச்சிட்டேன்.”

“எப்போ?”

“அன்னைக்கே.”

“நாங்க பாக்கறதுக்கு முன்னாடியேவா?”

தலையை ஆட்டினேன். குழந்தை வாசலில் கிடந்த என் செருப்பை நோக்கித் தவழ்ந்தது. அவள் அதைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டாள்.

“மங்கலா இருந்தா என்ன அங்கிள்? அப்பா அதுல இருந்தாருல்ல” என்றாள். “எப்படி நின்னாரு, எப்படி குனிஞ்சாருன்னு தெரிஞ்சா போதும். மொகத்த நானே நெனச்சுக்குவேன்.”

நான் சுவரில் இருந்த படத்தைப் பார்த்தேன்.

“சித்தி போன தூக்குனாங்க. நீங்க வேணாம்னீங்க. அப்புறமும் அவங்க திருட்டுத்தனமா எடுக்கப் பாத்தாங்க. நான்தான் கண்ண காட்டி தடுத்தேன். அங்கிள் பெரிய கேமராவுல எடுக்கறாரு, தொந்தரவு பண்ணாதீங்கன்னு.” குழந்தையின் கையை விரித்து விரித்து மூடினாள். “ரெண்டு வருசமா அதையே நெனச்சுக்கிட்டு இருந்தேன். கார்டு கெட்டதுக்கு யாரும் ஒன்னும் பண்ண முடியாது, ஆனா நான் சித்திய விட்டிருக்கலாமேன்னு.”

என் பொய் இரண்டு வருடமாக அவள்மேல் உட்கார்ந்திருக்கிறது என்று அப்போதுதான் தெரிந்தது. மன்னிப்புக் கேட்டேன். சரி என்றோ பரவாயில்லை என்றோ அவள் சொல்லவில்லை. எழுந்து போய் டீ போட்டுக்கொண்டு வந்தாள். குடித்தேன். ஃபெரிக்கு நேரமாகிறது என்று கிளம்பினேன்.

வாசல்வரை வந்தாள். “அடுத்த மாசம் பையனுக்கு முடி எறக்குறோம். ஆண்டிய கூட்டிக்கிட்டு வாங்க.” கேட்டைத் திறந்துவிட்டாள். “கேமரா மட்டும் வேணாம் அங்கிள்.”

எந்தப் பஸ்ஸில் ஏற வேண்டும் என்று வழி சொல்கிற குரலில்தான் சொன்னாள். கோபம் இருந்திருந்தால் எனக்குச் சௌகரியமாக இருந்திருக்கும்.

போனோம். கையில் ஒன்றும் இல்லாமல் ஒரு விசேஷத்தில் நிற்பது எனக்குப் பதினோரு வருடத்தில் அதுதான் முதல் தடவை. குழந்தை அலறியது. நாவிதர் தலையை நனைத்துக் கத்தியை வைத்தார். மாப்பிள்ளை கால்களைப் பிடித்திருந்தார், தேன்மொழி தாடையைப் பிடித்திருந்தாள். சுற்றும் முற்றும் பார்த்துவிட்டு, “அங்கிள், சும்மாதானே நிக்கிறீங்க, துண்ட விரிச்சுப் புடிங்க” என்றாள். விரித்துப் பிடித்தேன். ஈர முடி கொத்துக் கொத்தாகத் துண்டில் விழுந்தது. பின்பக்கம் சிரைத்து முடித்ததும் மண்டை தெரிந்தது. பின்மண்டை பலகைபோலத் தட்டை, உச்சியில் மட்டும் ஒரு மேடு. பள்ளிக்கூடத்தில் ஆறு வருடம் நான் கோவிந்துவுக்குப் பின் பெஞ்சில் உட்கார்ந்து பார்த்த மண்டை.

தேன்மொழி குழந்தையின் தலையை என் பக்கம் திருப்பினாள்.

“பாருங்க அங்கிள்” என்றாள்.